தப்பை ஒத்துக்கொள்கிறவள்

அக்காவைப் பற்றி எழுத உட்கார்ந்தாலே எனக்குக் கோபம்தான் வருகிறது. பாதி அவள் மீது, மீதி மற்றவர்கள் மீது. கூடப் பிறந்தவள் இல்லை, கூட வேலை பார்த்தவள். பெயரை எழுத மாட்டேன். கருங்குழியில் அவள் இருந்த வாடகை வீட்டில் இப்போது வேறு யாரோ இருக்கிறார்கள். அக்கம்பக்கத்தில் கேட்டுப் பார்த்தேன், அவளும் புருஷனும் எங்கே போனார்கள் என்று ஒருவருக்கும் தெரியவில்லை. அவளுடைய செல் நம்பரை அழைத்தால் யாரோ ஒரு ஆள் எடுத்து "ராங் நம்பர்" என்கிறான். அவ்வளவுதான் எனக்குத் தெரியும்.

நாங்கள் இருவரும் செங்கல்பட்டுப் பக்கத்தில் ஒரு தனியார் ஆஸ்பத்திரியில் வேலை பார்த்தோம். நான் டெலிபோன் ஆபரேட்டர். வெளியிலிருந்து வரும் அழைப்புகளை எடுத்து வார்டு வார்டாகத் தள்ளிவிடுவது என் வேலை. அவள் கம்ப்யூட்டர் பிரிவு. மேசைக்கு மேசை இருந்த இன்டர்நெட் போன்கள் எல்லாம் அவள் பொறுப்பு. மாமல்லபுரம் கடற்கரையில் எங்கள் ஆஸ்பத்திரிக்கு ஒரு சின்ன கிளினிக் உண்டு. அங்கே இருந்த போன்களும் அவள் தலையில்தான்.

அவளை நான் முதலில் கவனித்தது, கீழ்த்தளத்துக்குப் பெயிண்ட் அடித்தபோது. பெயிண்டர்கள் எல்லா அறையிலும் இருந்த போன்களைப் பிடுங்கி ஒரு அட்டைப் பெட்டியில் போட்டு வைத்திருந்தார்கள். சுவர் காய்ந்ததும் கைக்கு வந்த போனைக் கண்ட அறையில் சொருகிவிட்டுப் போய்விட்டார்கள். எல்லாம் ஒரே மாதிரி கறுப்பு போன்தானே, எது எங்கே இருந்தால் என்ன என்று நினைத்திருக்கிறார்கள்.

படாளத்திலிருந்து ஒரு ஆள் அழைத்தான். மனைவியைப் பிரசவத்துக்குச் சேர்த்திருக்கிறான். நான் பிரசவ வார்டுக்குத் தள்ளினேன். மணி அடித்தது சவக்கிடங்கில். அங்கே இருந்த அட்டெண்டர் போனை எடுத்திருக்கிறார்.

"வந்துடுச்சாங்க?" என்று இவன் கேட்டிருக்கிறான்.

"இன்னும் வரலப்பா. வந்தா வெச்சிக்கலாம், ஐஸ் பொட்டி காலியாத்தான் கீது" என்று அவர் சொல்லியிருக்கிறார்.

அந்த ஆள் பைக்கை எப்படி ஓட்டிக்கொண்டு வந்தானோ தெரியாது. சட்டை பட்டன்கூடப் போடாமல் என் மேசைக்கு முன்னால் வந்து நின்று கத்தினான். நர்சிங் சூப்பிரண்டு ஓடி வந்தார். ஹவுஸ்கீப்பிங் சூப்பர்வைசர் வந்தார். பெயிண்ட் கான்ட்ராக்டர் வந்தார். என் பையன்கள் தொடவில்லை என்றார் கான்ட்ராக்டர். எனக்கு யாரும் சொல்லவில்லை என்றார் சூப்பர்வைசர். எங்கள் வார்டு ஆட்கள் போனைப் பிடுங்க மாட்டார்கள் என்றார் சூப்பிரண்டு. ஆளுக்கு ஒரு குரல்.

அக்கா படியிறங்கி வந்தாள். குட்டையான ஆள், கறாரான முகம். யாரையும் பார்த்து வணக்கம் சொல்கிற பழக்கமே கிடையாது.

"என் தப்புதான். போன்ல நான் லேபிள் ஒட்டல. நகருங்க" என்றாள்.

எல்லோரும் விலகி வழிவிட்டார்கள். அவள் போன்களை மாற்றிக்கொண்டே போனாள். கொஞ்ச நேரத்தில் பிரசவ வார்டில் மணி அடித்தது. படாளத்து ஆளுக்குப் பெண் குழந்தை பிறந்து, தாயும் பிள்ளையும் தூங்கிக்கொண்டிருந்தார்கள்.

மத்தியானம் கேன்டீனில் அவளைப் பிடித்துக்கொண்டேன். ஏனென்றால் லேபிளை அவள் ஒட்டியதை நான் என் கண்ணால் பார்த்திருந்தேன்.

"இன்னாக்கா, ஒட்டிட்டு ஒட்டலன்னு சொல்ற?"

"ஒட்டினேன். பெயிண்ட் படும்னு பெயிண்டர் கிழிச்சிட்டான். அத்த நான் ரூபிக்கணும்னா சாயந்தரம் வரைக்கும் கத்திகினு நிக்கணும். போன் மாத்த இன்னா நேரம் ஆவும்?"

"அதுக்காவ உன் பேர கெடுத்துக்குவியா?"

"நான் தப்புன்னு சொன்னா அவங்க போயிடுவாங்க. ரூமு எனுக்குக் காலியாவும். அவ்ளோதான்டீ."

அவள் முழுக்க இதுதான். அவளைப் பற்றி நான் வேறு எதைச் சொல்ல வந்தாலும் இங்கேதான் வந்து நிற்கும்.

அந்த போன்கள் எப்படித் தங்களைத் தெரிந்துகொள்கின்றன என்று அன்றுதான் கேட்டேன். சாம்பார் சாதத்தைப் பிசைந்துகொண்டே சொன்னாள்.

"பொட்டியிலேர்ந்து எடுக்கறப்போ இது ஒரு மக்கு. அடியில ஒட்டியிருக்கற நம்பரைத் தவிர ஒண்ணும் தெரியாது. ஒயரைச் சொருவினா கேட்ல நிக்கற வாட்ச்மேன் மாதிரி ஒருத்தன் இருக்கான், அவன்கிட்ட டோக்கன் கேக்கும். அவன் டோக்கன் குடுத்து, சர்வர் எந்த ரூம்ல கீதுன்னு வழி சொல்லுவான். அங்க போய் 'இந்த நம்பருக்கு ஃபைல் கீதா'ன்னு கேக்கும். ஃபைல்ல எழுதியிருக்கும், நீ பிரசவ வார்டு, உன் எக்ஸ்டென்ஷன் இது, இந்த பட்டன அமுக்கினா டூட்டி டாக்டரு. படிச்சிட்டு, நான்தான் பிரசவ வார்டுன்னு குந்திகினு இருக்கும். மறுபடி ஆஃப் ஆயி ஆன் ஆனா, மறுபடி முதல்லேர்ந்து கேக்கும்."

"அப்போ சுவத்துக்கும் அதுக்கும் சம்பந்தமே இல்லியா?"

"சுவரு இன்னா பண்ணும்? சவக்கிடங்கு போன கொண்டும்போயி கல்யாண மண்டபத்துல மாட்டு. அப்பவும் அது சவக்கிடங்குதான்."

அந்த ஃபைலுக்குக் கான்ஃபிக் என்று பெயர். ஒவ்வொரு போனுக்கும் ஒன்று. எல்லா போனுக்கும் பொதுவாக இன்னொன்று. ஒருமுறை அந்தப் பொது ஃபைலில் எதையோ மாற்றப் போய் அக்கா ஒரு எழுத்தைத் தவறவிட்டாள். கரண்டை நிறுத்திச் செய்த ஏதோ வேலை முடிந்து போன்கள் எல்லாம் மறுபடி உயிர் பெற்றபோது ஒன்றிலும் மணிச் சத்தம் இல்லை. விளக்கு மட்டும் மினுக்மினுக்கென்று எரிந்தது. ஐ.சி.யூ. நர்ஸ்கள் வேலையை விட்டுவிட்டுப் போனையே பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருந்தார்கள். அன்றும் அவள் "என் தப்புதான்" என்றாள். அதே குரல், அதே முகம். உண்மையாகவே அவள் செய்த தப்புக்கும் அடுத்தவன் செய்த தப்புக்கும் அவள் வாயில் ஒரு வித்தியாசமும் இல்லை. எனக்குத் தெரிந்த வரை அவள் செய்தது கொஞ்சம், வாங்கிக்கொண்டது நிறைய.

ஒவ்வொரு முறையும் மெயில் வேறு போடுவாள். 'என் தவறு, சரிசெய்துவிட்டேன்.' அது மேலதிகாரிகள் எல்லோருக்கும் போகும். நான் திட்டுவேன். கேட்க மாட்டாள்.

அவள் திமிருக்கு எல்லையே கிடையாது, அதையும் சொல்லிவிடுகிறேன். யாராவது "பரவாயில்லம்மா" என்று ஆறுதல் சொன்னால் முறைப்பாள். "இன்னா பரவாயில்ல? போன் வேல செய்யுதா? அப்போ கெளம்புங்க" என்பாள்.

அவள் புருஷனை நான் மாமா என்று கூப்பிடுவேன். மினி லாரி ஓட்டிக்கொண்டிருந்தவர். இரண்டு சிறுநீரகமும் போய்விட்டது. வாரத்தில் மூன்று நாள் டயாலிசிஸ் செய்தாக வேண்டும். ஒரு முறை தவறினாலும் கால் வீங்கும், மூச்சு முட்டும். எங்கள் ஆஸ்பத்திரியில் டயாலிசிஸ் நாற்காலிகள் குறைவு, வரிசை நீளம். ஆனால் ஸ்டாஃப் குடும்பம் என்றால் நாற்காலி நிச்சயம், கட்டணமும் பேருக்குத்தான். அக்கா அந்தச் சம்பளத்துக்கு அங்கே கிடந்ததற்கு இது ஒன்றுதான் காரணம். சென்னையில் இரண்டு மடங்கு தருகிறேன் என்று ஒரு கம்பெனி கூப்பிட்டது. போகவில்லை. ஜன்னல் ஓரம் இருந்த நாற்காலி மாமாவுடையது. அது இருக்கிற வரைக்கும் அவர் இருப்பார். இது எங்கள் எல்லோருக்கும் தெரியும். ஏ.ஓ. என்று நாங்கள் கூப்பிடும் நிர்வாக அதிகாரிக்குத் தெரியும், டைரக்டருக்கும் தெரியும்.

டிபன் வேளையில் நானும் அக்காவோடு மாடிக்குப் போய் அவரைப் பார்ப்பேன். கையில் ஊசி ஏறியிருக்கும், பக்கத்தில் மெஷின் சுற்றிக்கொண்டிருக்கும். ஆனால் வாய் மட்டும் ஓயாது.

"இன்னிக்கு எவன் தப்ப வாங்கிகினு வந்தே?" என்பார்.

"உனுக்கு எதுக்குய்யா அது?"

"ஏம்மா ஆபரேட்டரு, நீயே சொல்லு. ஊருக்கெல்லாம் என் தப்பு, என் தப்புன்றா. வூட்ல ஒரு நாளாச்சும் அப்படி சொல்லியிருக்காளா கேளு. தோசை கருகினாக்கூட நான் அடுப்பாண்ட நின்னதால கருகிச்சாம்."

"நீ நின்னுகினுதான் இருந்தே."

"பாத்தியா?"

அவர் சிரித்தால் மெஷின் கத்தும். சிஸ்டர் வந்து "மாமா, கைய ஆட்டாதீங்க" என்று அதட்டுவாள். அவருக்குத் தண்ணீர் அளவோடுதான். நாக்கு வறண்டு போய்த்தான் அத்தனையும் பேசுவார்.

கடற்கரைக் கிளினிக்குக்கு ஒருமுறை நானும் அவளோடு போனேன். அங்கே இருந்த ஆபரேட்டர் லீவு. திருக்கழுக்குன்றம் வழியாகப் பஸ்ஸில் போனோம். உப்புக் காற்றில் போன் ஒயரின் பித்தளை முனைகள் எல்லாம் பச்சை பூத்துவிடும். அவள் அதைச் சுரண்டுவதற்கென்றே ஒரு பழைய டூத் பிரஷ் வைத்திருந்தாள். அன்று அதுகூடப் பிரச்சினை இல்லை. டூட்டி டாக்டர் ரிசீவரைச் சரியாக வைக்காமல் விட்டிருக்கிறார், பாதி நாள் லைன் பிஸி. ஒரு ரிசார்ட் மேனேஜர் அவசரத்துக்கு அழைத்துக் கிடைக்காமல் நேரில் வந்து கத்திவிட்டுப் போயிருக்கிறார். டாக்டர் அந்தக் கோபத்தை இவள் மேல் இறக்கினார்.

"என்ன மெயின்டனன்ஸ் பண்றீங்க நீங்க?"

ரிசீவர் ஒரு பேனா மேல் சாய்ந்து கிடந்தது. நான் வாயைத் திறந்தேன். அதற்குள் அக்கா, "என் தப்புதான் டாக்டர். சரியாயிடுச்சு" என்று ரிசீவரை எடுத்து வைத்துவிட்டாள்.

திரும்பி வரும்போது பஸ்ஸில் சண்டை போட்டேன்.

"உனுக்கு வெக்கம் மானமே இல்லியாக்கா? அந்தாளு பேனா மேல வெச்சிகினு உன்ன கேக்கறான்."

"அவன் டாக்டரு. நாளைக்கு எம்புருஷன் நெஞ்சப் புடிச்சிகினா அவன்தான் வந்து பாக்கணும்."

"அவன் ஒத்துக்கினா செத்தா பூடுவான்?"

"ஒத்துக்க மாட்டான். தெரிஞ்சிகினே ஏன் கேட்டுகினு நிக்கணும்? ஜன்னலை மூடு, மண்ணு அடிக்குது."

எல்லாம் தலைகீழான அந்த நாளுக்கு வருகிறேன்.

காலை நேரம், ஓ.பி.யில் கூட்டம். முதலில் எமர்ஜென்சி போன் செத்தது. ஒயர் ஆடுகிறதே என்று ஒரு நர்ஸ் அதைப் பிடுங்கிச் சொருகியிருக்கிறாள். திரும்ப வந்த போனில் 'சர்வர் இல்லை' என்று எழுத்து. அடுத்து மருந்துக் கவுண்டர். அக்கா சர்வர் அறைக்கு ஓடினாள். சர்வரில்தான் கோளாறு என்று நினைத்து அதை ஒரு முறை நிறுத்தி எழுப்பினாள். நல்ல நேரம் கொஞ்சம் அங்கே வீணாகப் போனது. இதையும் நான் மறைக்கவில்லை.

அதற்குள் ஏ.ஓ. வாட்ஸப் குரூப்பில் ஒரு செய்தி போட்டார். எல்லாப் பிரிவிலும் போனை ஆஃப் செய்து ஆன் செய்யுங்கள். எங்கள் ஆஸ்பத்திரியில் எது நின்றாலும் இதுதான் வைத்தியம். ஃபேனானாலும் பிரின்டரானாலும் ஆஃப் பண்ணி ஆன் பண்ணு. வார்டு வார்டாக, அதுவரை நன்றாகப் பேசிக்கொண்டிருந்த போன்களையும் பிடுங்கிச் சொருகினார்கள். சொருகச் சொருகச் செத்தன. ஏ.ஓ.வின் ஆள் வந்து என் மேசை போனையும் பிடுங்கினான். நான் கையைப் பிடித்தேன். "ஆர்டர் மேடம்" என்று சொல்லிப் பிடுங்கினான்.

அக்கா மாடிப்படியில் கத்திக்கொண்டே ஓடி வந்தாள். "யாரும் போனப் புடுங்காதீங்க! வேல செய்யற போன அப்படியே வுடுங்க!" யார் கேட்டார்கள்?

"இன்னாக்கா ஆச்சு?" என்றேன்.

"கேட்ல டுபாகூர் வாட்ச்மேன் ஒருத்தன் நிக்கறான்டீ. நம்ம ஆளு வாயத் தொறக்கறதுக்குள்ள அவன் டோக்கன் குடுத்துடறான். சர்வருக்கு வழி மட்டும் சொல்ல மாட்டேன்றான். ஆஃப் ஆவாத போன் எல்லாம் பழசப் படிச்சது, அது பொழச்சிக்கும். ஆஃப் ஆயி வர்றதெல்லாம் இவன்கிட்ட மாட்டிக்குது."

ஒயர்களை ஒவ்வொன்றாக உருவி உருவிப் பார்த்துக் கடைசியில் கண்டுபிடித்தாள். டைரக்டர் அறை. அங்கே வைஃபை மெதுவாக இருக்கிறது என்று யாரோ கடையிலிருந்து ஒரு சின்ன வைஃபை டப்பா வாங்கிவந்து சுவரில் மாட்டியிருந்தார்கள். அந்த டப்பாதான் வழியில் நின்று எல்லா போனுக்கும் பொய் விலாசம் கொடுத்துக்கொண்டிருந்தது. அவள் அதைப் பிடுங்கிக் கையில் தூக்கிக்கொண்டு வந்ததை நான் பார்த்தேன். இரண்டு கொம்போடு, பொம்மை மாதிரி இருந்தது.

ஆனால் அதற்கு முன்பே வேறொன்று நடந்துவிட்டது. பொத்தேரியில் படிக்கிற பையன் ஒருவன் நண்பர்களோடு மாமல்லபுரம் வந்து கடலில் இறங்கி மூழ்கிவிட்டான். கிளினிக்கில் முதலுதவி செய்து ஆம்புலன்ஸில் ஏற்றிவிட்டு, வென்டிலேட்டர் படுக்கை தயாராக இருக்கட்டும் என்று எங்கள் எமர்ஜென்சிக்கு அடித்திருக்கிறார்கள். அது செத்துக் கிடந்தது. என் மேசைக்கு அடித்திருக்கிறார்கள். அதுவும்தான். பையன் வந்து இறங்கியபோது படுக்கையும் இல்லை, லிஃப்டும் மேலே நின்றது. நர்ஸ் செத்த போனை மேசையில் அடித்து அடித்துக் கத்தியதைப் பையனின் நண்பன் வீடியோ எடுத்தான். பையன் பிழைத்துக்கொண்டான். ஆனால் வீடியோ ஊரெல்லாம் சுற்றியது. கேட்டுக்கு வெளியே மாணவர்கள் கூடினார்கள். பையனின் அப்பா வந்து ஒரே கேள்வி கேட்டார். யார் பொறுப்பு?

பதிலுக்கு ஆஸ்பத்திரிக்கு ஒரு ஆள் வேண்டியிருந்தது.

மீட்டிங்குக்குக் கூப்பிட்டபோது அக்கா முகம் கழுவிக்கொண்டு வந்தாள்.

"இந்த வாட்டி ஒத்துக்க மாட்டேன்டீ. வேல போனா சேரு பூடும்" என்றாள்.

"நான் வர்றேன், வா" என்றேன்.

உள்ளே டைரக்டர், ஏ.ஓ., ஊழியர் விவகாரம் பார்க்கும் எச்.ஆர். மூன்று பேர். ஏ.ஓ. ஆரம்பித்தார்.

"என்னம்மா, எப்படி ஆச்சு இது?"

"இந்த வாட்டி நான் இல்ல சார்."

"இந்த வாட்டி?" என்றார் எச்.ஆர். கையில் பிரின்ட் எடுத்த தாள்கள். எல்லாம் அவள் போட்ட மெயில்கள். ஒவ்வொன்றாகப் படித்தார். என் தவறு, சரிசெய்துவிட்டேன். என் தவறு, சரிசெய்துவிட்டேன். சவக்கிடங்கு, மணிச் சத்தம், கடற்கரைக் கிளினிக். "இத்தனை தடவை நீங்களே எழுதியிருக்கீங்க. இன்னைக்கு மட்டும் இல்லைன்னா எப்படி நம்புறது?"

"அதெல்லாம் வேல ஆவணும்னு எழுதினது சார்."

ஏ.ஓ. சிரித்தார். எனக்கு ரத்தம் கொதித்தது.

"சார், அந்த டப்பா டைரக்டர் சார் ரூம்ல இருந்துச்சு. நான் பாத்தேன். எல்லாத்தையும் ஆஃப் பண்ணி ஆன் பண்ணச் சொன்னது ஏ.ஓ. சார். குரூப்ல கீது, எடுத்துப் பாருங்க" என்றேன்.

"உங்கள யாரும்மா கூப்பிட்டது?" என்றார் ஏ.ஓ.

டைரக்டர் மேசைக் கண்ணாடியைப் பார்த்துக்கொண்டே, "எவனோ மாட்டியிருக்கான். எனக்கு இதெல்லாம் தெரியாது. இப்படி ஒண்ணு மாட்டினா எல்லாமே விழுந்துடுற மாதிரி யார் வெச்சது? அதைக் கேளுங்க" என்றார்.

அது நியாயமான கேள்விதான், அதுதான் எரிச்சல். அப்படி ஒரு டப்பா நுழைய முடியாதபடி தடுக்க ஒரு வழி உண்டாம். அதற்கு வேறு சாமான் வாங்க வேண்டும். அக்கா கேட்டிருந்தாள். அடுத்த வருஷம் பார்க்கலாம் என்றார்கள். அதை நான் சொல்ல வாயெடுத்தேன். அக்கா என் முழங்கையைப் பிடித்து அழுத்தினாள்.

"கையெழுத்து போட்டுத் தர்றேன் சார். என் தப்புன்னே எழுதிக்கங்க. எம்புருஷனோட டயாலிசிஸ் சேரை மட்டும் எடுத்துடாதீங்க."

டைரக்டர் உடனே நிமிர்ந்தார். குரல்கூட இளகியது. "அதெல்லாம் யாரும் எடுக்க மாட்டாங்கம்மா. அவர் ட்ரீட்மென்ட் தொடரும். நாங்க என்ன மிருகமா?"

தப்பு என்னுடையது, வேலையை விட்டு விலகுகிறேன் என்று எழுதிய தாளில் அவள் கையெழுத்துப் போட்டாள். வெளியே வந்ததும் நான் கத்தினேன். "விட்டுத் தொலச்சியே! பொய் சொல்லி வேலைய விட்டுட்டியே!"

"சேரு கெடச்சிதில்ல? போ, உன் லைன் அடிக்குது பாரு" என்றாள்.

அடுத்த டயாலிசிஸ் நாளில் மாமாவை ஆட்டோவில் அழைத்துவந்தாள். மாடியில் எடை பார்த்தார்கள், பிரஷர் பார்த்தார்கள். அவர் கால்கள் வீங்கியிருந்தன. சிஸ்டர் கம்ப்யூட்டரைப் பார்த்தாள். மறுபடி பார்த்தாள். பிறகு எனக்குப் போன் செய்து மேலே வரச் சொன்னாள்.

"மாமா பேரு லிஸ்ட்ல இல்லக்கா. நான் எடுக்கல, சத்தியமா. ஸ்டாஃப் லிஸ்ட்லேர்ந்து காலைல தானா வந்து ஏறும். இன்னிக்கு ஏறல. காலியா இருந்துச்சேன்னு வெயிட்டிங்ல இருந்தவருக்குக் குடுத்துட்டேன்" என்றாள். அழுதுவிடுவாள் போல இருந்தாள்.

அக்காவும் நானும் கீழே ஓடினோம். எச்.ஆர். சொன்னார்: "நாங்க உங்க பேரை மட்டும்தான் எடுத்தோம். டயாலிசிஸ்ல நாங்க கை வைக்கல." சாஃப்ட்வேர் பார்க்கிறவன் சொன்னான்: "சிஸ்டம் எடுக்கறத எடுக்கும். டைரக்டர் மெயில் போட்டா சேர்ப்பேன்." டைரக்டர் சென்னையில் ஏதோ மாநாட்டில் இருந்தார், செல் அணைந்திருந்தது. ஏ.ஓ. சொன்னார்: "வாக்கு குடுத்தது அவர். நான் எப்படிப் போடுறது? வெளி பேஷன்ட்டா பதிஞ்சு வரிசையில வாங்க."

நான் அவர் மேசையைத் தட்டிக் கத்தினேன். என் வேலையும் போகும் என்று மிரட்டினார். போகட்டும் என்றேன். அக்கா கத்தவில்லை.

"சார், யாரு எடுத்தாங்கன்னு நான் கேக்கல. எவன் மேலயும் எனுக்குக் கோவம் இல்ல. அவரு பேர லிஸ்ட்ல திரும்ப யாரு போடுவீங்க? அத்த மட்டும் சொல்லுங்க" என்றாள்.

எச்.ஆர். ஏ.ஓ.வைப் பார்த்தார். ஏ.ஓ. வாசலில் நின்ற சாஃப்ட்வேர்காரனைப் பார்த்தார். அவன் தன் செல்லைப் பார்த்தான். அக்கா ஒவ்வொரு முகமாகப் பார்த்துக்கொண்டு நின்றாள்.

திரும்ப மேலே போனோம். மாமா டயாலிசிஸ் அறையின் கதவைப் பிடித்துக்கொண்டு நின்றிருந்தார். வாயால் மூச்சு விட்டுக்கொண்டிருந்தார். ஜன்னல் ஓரத்து நாற்காலியில் ஒரு இளைஞன் படுத்திருந்தான். ஒல்லியாக, மஞ்சள் பாய்ந்த முகம். எத்தனை நாள் வரிசையில் காத்திருந்தானோ. ரத்தம் குழாய் வழியாகச் சுற்ற ஆரம்பித்திருந்தது. எங்களைப் பார்த்ததும் அவனுக்குப் புரிந்துவிட்டது. மற்றக் கையை ஊன்றி எழப் பார்த்தான்.

"இது உங்க சேரா அண்ணே?"

"இல்லப்பா. ஊசி ஏத்திட்டாங்கல்ல, கைய ஆட்டாத. ரத்தம் வந்துடும்" என்றார் மாமா.

பிறகு அக்காவின் தோளைப் பிடித்துக்கொண்டு லிஃப்ட் பக்கம் நடந்தார்.